கல்தளத்துக்கு அடியில் உழைத்தவர்களுக்கு நன்றி

மண் வெட்டியவர்களுக்கும், கொத்தனாருக்கும், சித்தாள்களுக்கும், கல் அறுத்தவருக்கும், யோசனை சொன்ன நண்பர்களுக்கும் வணக்கம்.

பின்முற்றத்துக் கல்தளம் முடிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் கல்லின் நிறத்தைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு உண்மையில் சேர வேண்டியது கல்லுக்கு அடியில் மறைந்துபோன வேலைக்கு. அதனால்தான் அந்த வேலையை விவரமாகச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில் மண் வெட்டியவர்களுக்கு. 20-க்கு 10 அடி இடம். கல் ஒன்றரை அங்குலம், கலவை ஒன்றரை, ஜல்லி 4. ஆக, தளமட்டத்திலிருந்து 7 அங்குல ஆழம். அந்தத் தளமட்டமே சுவரின் ஈரத்தடுப்பு மட்டத்துக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு) 6 அங்குலம் கீழே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் தெறித்துத் தெறித்துச் சுவரில் ஓதம் ஏறும். ஒரு மூலையில் களிமண் சதசதவென்று இருந்ததை நீங்கள் மூடி மறைக்கவில்லை. கெட்டி மண் வரும்வரை தோண்டி ஜல்லி நிரப்பினீர்கள். அப்படியே விட்டிருந்தால் அந்த மூலைதான் முதலில் உள்வாங்கியிருக்கும்.

தண்ணீர் வடிவதற்கான சரிவு, அதாவது வாட்டம், 10 அடிக்கு 2 அங்குலம், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. தண்ணீர் நிரப்பிய குழாயால் டியூப் மட்டம் பிடித்து அதைக் குழியின் அடியிலேயே கொண்டுவந்தது பெரிய காரியம். வாட்டத்தைக் கலவையில் சரிக்கட்டப் போனால் கலவை ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் போகும். மெலிந்த இடத்தில் கல் பிடிப்பு விட்டு ஆடும்.

ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியவர்களுக்கு நன்றி. இறுகிய பிறகு 67 கன அடி வேண்டும் என்றால் 85 கன அடியாவது வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னதும் நீங்கள்தான். தூளும் கலந்த ஜல்லி என்பதால் இடைவெளி அடைந்து நன்றாக இறுகியது. ஒரே அளவு ஜல்லி மட்டும் என்றால் எவ்வளவு அடித்தாலும் உருண்டுகொண்டே இருக்கும்.

கொத்தனாருக்குத் தனி நன்றி. நான்கு மூலைக்கும் நடுவிலும் உருண்டையாகக் கலவை வைத்துக் கல்லை அமுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சீக்கிரம் முடியும், ஆனால் உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். அங்கே தண்ணீர் தங்கி மேலே கறை தெரியும், கனமான பொருளை வைத்தால் கல்லில் விரிசல் விழும். நீங்கள் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் சேர்த்த கலவையை முழுப்பரப்பிலும் விரித்தீர்கள். 50 கிலோ மூட்டை சிமென்ட் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு, மணல் 27 கன அடி போயிற்று. ஒவ்வொரு கல்லின் அடிப்பக்கத் தூசியையும் கழுவி, தண்ணீரில் கரைத்த சிமென்ட் பால் பூசி, ரப்பர் சுத்தியலால் தட்டி, ‘டொக்’ என்று வெற்றொலி வந்த கற்களைத் தயங்காமல் பெயர்த்து மறுபடி பதித்தீர்கள். மூன்று நான்கு கட்டுகளிலிருந்து கற்களை மாற்றி மாற்றி எடுத்ததால் நிறமும் ஓரிடத்தில் திட்டாக நிற்கவில்லை.

கல் அறுத்தவர் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தார், முகக்கவசமும் போட்டிருந்தார். கல்தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். இந்தக் கவனத்தை எல்லோரும் பின்பற்ற வேண்டும். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 220 சதுர அடி கல் வாங்கச் சொன்ன கணக்கும் சரியாக வந்தது.

மறுநாள்வரை யாரையும் தளத்தில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு இணைப்புகளை அடைத்து, ஈரச் சாக்கு போட்டுக் காத்த சித்தாள்களுக்கும் நன்றி.

கடைசியாக, சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் வேண்டாம் என்று தடுத்த நண்பருக்கு. இது சுண்ணாம்புக்கல்; ஆசிட் பட்டால் மேற்பரப்பே அரித்துப்போகும். பூத்திருக்கும் வெள்ளை உப்பை நீங்கள் சொன்னபடி காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து வருகிறோம், குறைந்துகொண்டே வருகிறது.

மிக்க நன்றியுடன்,
வீட்டார்