எஞ்சின் சான்றிதழ் கொடுத்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார் குறித்த புகார்

அனுப்புநர்: உங்களிடம் கார் வாங்கிய வாடிக்கையாளர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், பழைய கார் விற்பனைப் பிரிவு, கோயம்புத்தூர்.

பொருள்: பழுதான எஞ்சினை நல்ல எஞ்சின் என்று சான்றளித்து விற்றது, பெயர் மாற்றம் செய்து தராதது, உங்கள் ஊழியரின் மரியாதையற்ற பேச்சு ஆகியவை தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன், செயலியில் பதிந்தேன், மின்னஞ்சல் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் அது முடித்து வைக்கப்பட்டுவிட்டது என்கிறீர்கள். யார் முடித்தார்கள்? கார் அதே பழுதோடு என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதனால்தான் இதைக் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

எந்தக் கார் என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஷோரூமில் போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான் இருந்தது. ஆறு சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் அமைந்த அந்தத் தலைமுறை எஞ்சினுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குக் கடத்தும் நடுத்தண்டைத் தாங்கும் பேரிங். மற்றொன்று, சிலிண்டர் சுவரில் விழும் கீறல். அந்தப் பேரிங் உடைந்தால் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், தவறி வால்வுகள் பிஸ்டனில் மோதும். எஞ்சின் முழுவதும் போய்விடும். இந்த வண்டிகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'எஞ்சின் நிலை: மிகச் சிறப்பு' என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் தந்த பரிசோதனை அறிக்கையில் இருக்கைத் துணி, கண்ணாடி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

நான் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு இயந்திரங்களோடு வாழ்ந்திருக்கிறேன். ஆகவே வாங்கும் முன்பே, இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். நான் வந்தபோதெல்லாம் எஞ்சின் சூடாகவே இருந்தது. இப்போதுதான் கழுவி, ஓட்டி வந்து நிறுத்தினோம் என்று ஒவ்வொரு முறையும் அதே பதில். கார் குன்னூருக்கு வந்த மறுநாள் காலை, பனிக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டு சைலன்சர் குழாய்களில் ஒன்று சுத்தமாக இருக்க, மற்றதில் கரி அப்பிக் கிடந்தது. அந்தப் பக்கத்துச் சிலிண்டர் ஆயிலை எரிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இங்குள்ள மெக்கானிக் ஆயில் ஃபில்டரை அறுத்துக் காட்டினார். மடிப்புகளுக்குள் மின்னும் தூள் இருந்தது. காந்தத்தைக் காட்டினோம், கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் ஒட்டவில்லை. ஒட்டியது எஃகு போன்ற இரும்பு வகை, ஒட்டாதது அலுமினியம் போன்ற உலோகம். இரண்டும் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை உங்கள் பொறியாளரே சொல்லட்டும். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால், பிழைப் பதிவுகள் அழிக்கப்பட்ட பிறகு கார் ஓடிய தூரம், உங்கள் ஷோரூமிலிருந்து என் வீடு வரையிலான தூரம்தான். அழித்தது யார், எதற்காக என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் உங்கள் சேவைப் பிரிவு ஊழியர் ஒருவர், "மலையில் இருக்கிறவர் எதற்கு சார் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்கள்? ஒரு ஜீப் வாங்கியிருக்கலாமே" என்று கேட்டார். பணத்தை எண்ணி வாங்கும்போது யாரும் இப்படிக் கேட்கவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி ஒரு காரை ஓட்ட வேண்டும் என்பது என் இளமைக் காலத்து ஆசை. அதைக் கேலி செய்ய அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

அதோடு நிற்கவில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம், குறைவு என்று நாங்கள் அளந்து சொன்னதற்கு, உயரமான ஊரில் அப்படித்தான் காட்டும் என்றார். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அளவும் அதற்கேற்பக் குறையும்; இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஆறு சிலிண்டர்களும் ஒரே உயரத்தில்தானே இருக்கின்றன? ஐந்தில் ஒரே மாதிரி இருக்கும் அளவு ஆறாவதில் மட்டும் ஏன் சரிகிறது? இதைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பெயர் மாற்ற விஷயத்தையும் சொல்ல வேண்டும். கார் பெங்களூரு பதிவெண் கொண்டது. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றி, ஆர்.சி. புத்தகத்தை வீட்டுக்கே அனுப்புவதாகச் சொன்னீர்கள். இன்றுவரை வரவில்லை. நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். நான் இந்த ஊர்க்காரன் என்று காட்ட இந்தக் காருக்கு ஆவணம் இல்லாததால், பிறந்து வளர்ந்த ஊருக்குள் நுழையச் சுற்றுலாப் பயணியைப் போல இ-பாஸ் எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்கிறேன்.

நீங்கள் தேதியும் நேரமும் குறித்துக் கொடுத்து வரச் சொன்ன அந்த நாளை மட்டும் என்னால் மறக்கவே முடியாது. சீசன் காலம் என்பதால் இறங்கும் வண்டிகள் எல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் போக வேண்டும். ஆயில் விளக்கு எரிந்து எரிந்து அணைய, குஞ்சப்பனை வரை பயந்து பயந்து ஓட்டி, ஓரமாக நிறுத்தி ஆயில் ஊற்றி, ஒருவழியாக உங்கள் பணிமனைக்கு வந்து சேர்ந்தேன். கேமரா வைத்துப் பார்ப்பவர் விடுப்பில் இருக்கிறார், உங்கள் பெயரில் பதிவே இல்லை என்றார்கள். மாலை வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கடைசியில் ஒரு லிட்டர் ஆயிலை ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிப்பது ஸ்போர்ட்ஸ் காருக்கு இயல்பு என்று அனுப்பிவைத்தார்கள். அந்த ஒரு லிட்டர் குன்னூர் வந்து சேரவே போதவில்லை. பாதி மலையில் நின்ற காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி வந்தேன். அந்த வாடகையையும் நானே கொடுத்தேன்.

வாரண்டி கேட்டால் 'தேய்மானம் அடங்காது' என்ற வரியைக் காட்டுகிறீர்கள். விற்கும்போதே தேய்ந்திருந்ததை மறைத்துவிட்டு, பிறகு தேய்மானம் என்று சொல்வது என்ன நியாயம்? என் ஓய்வுக் காலத்தையே நாசமாக்கிவிட்டீர்கள். வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த வாசலில் நின்று துருப்பிடிக்கிறது. இரவில் தூக்கம் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து கூடியிருக்கிறது.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று இன்னும் நம்புகிறேன். காரை எனக்குக் கொடுத்த இளைஞர் மிகவும் பண்பாக நடந்துகொண்டார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதனால் முதலில் பணிவாகக் கேட்கிறேன். உங்கள் செலவில் காரை எடுத்துச் சென்று, நான் நியமிக்கும் மெக்கானிக் முன்னிலையில் எஞ்சினைத் திறந்து பாருங்கள். கீறல் இருந்தால் எஞ்சினைச் சீரமைத்துத் தாருங்கள், அல்லது காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றத்தை அதுவரை காத்திராமல் உடனே முடியுங்கள். ஜீப் வாங்கச் சொன்னவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவதோடு நிறுத்தமாட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் நியாயமற்ற வணிக நடைமுறைக்கும் சேர்த்தே மனு கொடுப்பேன். அறுத்த ஃபில்டர், ஸ்கேனர் பதிவு, கம்ப்ரஷன் அளவுகள், ரெக்கவரி ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அப்போது நீங்கள்தான் மலையேறி வர வேண்டியிருக்கும்.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். சேவை மையத்திலிருந்து யாரும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்.