வார்ம்ஹோல் கட்டுரையில விட்டுப்போனது

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல வந்த வார்ம்ஹோல் (வெளியில தூரத்துல இருக்குற ரெண்டு இடத்த இணைக்கலாம்னு சொல்ற குறுக்குவழி) கட்டுரை பசங்களுக்கும் புரியுற மாதிரி இருந்துச்சு, ரொம்ப சந்தோஷம், ஆனா முக்கியமான விஷயமே அதுல இல்லீங்க. புதுசா ஒரு வார்ம்ஹோல் உருவாகணும்னா வெளியோட டோபாலஜியே, அதாவது எங்க ஒட்டியிருக்கு, எங்க ஓட்டை இருக்குங்கிற அடிப்படை அமைப்பே, மாறணும், அதாவது உருண்டையா இருந்த மாவுல வடை மாதிரி ஓட்டை விழணும். 1967ல இயற்பியலாளர் ராபர்ட் ஜெரோக் நிரூபிச்சது என்னன்னா, மூடின பிரபஞ்சம் (அளவுக்கு முடிவு உண்டு, ஆனா விளிம்பு கிடையாது) ஒண்ணு அப்படி மாறுச்சுன்னா, ஒண்ணு கிளம்பின நேரத்துக்கே திரும்பி வந்து சேருற பாதை உள்ள எங்கயாவது இருக்கும், இல்லன்னா காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியில சிங்குலாரிட்டி, அதாவது இயற்பியல் விதிகளே செல்லாமப் போற இடம், வரும். காரணம் முன்னாடி, விளைவு பின்னாடிங்கிற ஒழுங்கே அந்த முதல் வழியில உடைஞ்சு போகுது, எனக்கு வார்ம்ஹோல் பயணத்தவிட இதுதான் பெரிய ஆச்சரியம். ஈர்ப்பையும் அணு அளவு விதிகளையும் சேர்க்கப் பாக்குற குவாண்டம் ஈர்ப்புக் கொள்கையில ஜெரோக் காட்டின இந்தத் தடை நிக்குமாங்கிறது இன்னும் முடியாத கேள்வி, அதப் பத்தியும் ஒரு வாரம் விரிவா எழுதச் சொல்லுங்க சார்.