பல் குறைந்த தபால்தலை

மாதுங்கா, மும்பை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர இயலாமற்போனதைப் பொறுத்துக்கொள். இங்கு நடந்த கூத்தைக் கேள்.

1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால்தலைகளில், என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்த பன்னிரண்டணாத் தலையில் ஒன்றை இணைய ஏலத்தில் விட்டிருந்தேன் அல்லவா? நான்கே நாட்களில், அதே தலையை விற்க வந்த இன்னொருவரின் பதிவில் என் விவரிப்பு எழுத்துப் பிசகாமல் நின்றது. அது சுவிட்சர்லாந்தில் அச்சான செய்தி எல்லோருக்கும் பொது. அதை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், "என் மாமனாரின் தகரப் பெட்டியில் அறுபது ஆண்டுகள் உறங்கியது, கீழே வலது மூலையில் ஒரு பல் குட்டை, பின்புறம் ஹிஞ்ச் ஒட்டிய தழும்பு உண்டு" என்று நான் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதியதும் அப்படியே இருந்தது. (பல் என்பது தலையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிறு முனை; ஹிஞ்ச் என்பது தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதத் துண்டு.) அவர் படத்தில் இருந்த தலைக்கோ பற்கள் அத்தனையும் ஒழுங்காக இருந்தன! இல்லாத குறையை வலியச் சொல்லிக்கொண்டு விற்கும் வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் ஏலம் கேட்க வந்த ஒருவர், "யாரைப் பார்த்து எழுதினீர்கள்?" என்று என்னையே கேட்டபோதுதான் சுருக்கென்றது. இரண்டு பதிவுகளையும் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வியாபாரிக்குப் பணிவாகவே எழுதினேன். மறுநாள் பார்த்தால், 'மாமனார்' மட்டும் 'பெரியப்பா' ஆகியிருந்தார்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும், சொந்தமாக எழுதியவனுக்கு எழுதியதன்மேல் உரிமை உண்டு. எடுத்த படத்துக்கும் அப்படியே. 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி முறையாகப் புகார் கொடுத்தால், தளத்தார் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை மறைக்க வேண்டும். ஆனால் வழக்குத் தொடுத்து 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவதாக நாமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தபால்தலைக்காகக் கோர்ட்டுப் படி ஏற யாரால் முடியும்? ஆகவே அந்த வழியை விட்டு, தளத்தின் சாதாரணப் புகார்ப் படிவத்தில், படத்துக்கும் விவரிப்புக்கும் பொருந்தாத அந்தப் பல்லையே முதற்சான்றாகக் காட்டினேன். மூன்றாம் நாள் பதிவு நீங்கியது.

இப்போதெல்லாம் தேதி எழுதிய துண்டுச் சீட்டைத் தலைக்குப் பக்கத்தில் வைத்தே படம் எடுக்கிறேன். நீ விற்கப்போகும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் அப்படியே செய். நசுங்கிய இடத்தைக் கட்டாயம் எழுது.

உன்
மாதுங்கா நண்பன்