மேலவீதி வீட்டிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் மருத்துவச் செலவையும் வீட்டுக் கூரையையும் ஒருசேர எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தாய். மேலவீதிக்குப் போய் அப்பா அம்மா இருவரிடமும் பேசிவிட்டே இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்தே ஆகவேண்டிய ஒன்றை முதலில் சொல்கிறேன். மருந்துக்கென்று நீ அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை அம்மா கூரைக்காகச் சேர்த்து வைக்கிறார். அதற்கு ஈடாக அப்பா இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்கிறார். தயவுசெய்து கோபப்படாதே. மகனிடம் மேலும் கேட்கக் கூசும் பெற்றோர் தம் உடம்பிலிருந்துதான் மிச்சம் பிடிப்பார்கள். ஆனால் ஒருமுறை பக்கவாதம் கண்டவருக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் மறுபடியும் வரும் ஆபத்து பெரிது. கூரை இனி தங்கள் கவலை அல்ல என்று அவர்கள் மனதார நம்பினால்தான் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகும். அதை உன் வாயால் சொல். பணம் அனுப்புவதைவிட அது அவசரம்.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு அதே திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லியிருக்கிறேன். அதில் வராத மருந்துகளை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, குறைந்த விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்தில் வாங்கலாம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது கைகொடுக்கும். கடை வாடகை ஒன்றையே நம்பியிருப்பவர்கள் என்பதால், வருமானச் சான்று கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான் உதவும். அன்றாட மருந்துச் செலவு நம்முடையதே.

இனி வீடு. ஒழுகும் கூடத்தைக் காட்டித்தான் அம்மா அழுதார். எனக்கோ கொல்லைப்புறத்துக் கழிவறைதான் அச்சமாக இருந்தது. வழுக்கும் தரை, குந்தி உட்காரும் பழைய பீங்கான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, இரவில் விளக்கும் மங்கல். இடக்கால் இழுக்கும் மனிதர் அங்கே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், கூரைக்கு ஆவதைவிட அதிகம் செலவாகும். அதன்பின் அவர் எழுந்து நடப்பாரா என்பதும் தெரியாது. ஆகவே மேற்கத்தியக் கழிவறை, சொரசொரப்பான தரை ஓடு, சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி, நல்ல விளக்கு ஆகியவை முதலில் நடக்கட்டும். வாசற்படிக்குச் சரிவு கட்டுவதானால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நம் திண்ணையை ஒட்டி அதற்கு இடம் இருக்கிறது.

கூரை மதராஸ் ஒட்டு, அதாவது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த பழைய காலத்துத் தளம். அதன்மேல் சிமெண்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று ஒரு மேஸ்திரி சொன்னாராம், ஒப்புக்கொள்ளாதே. பாரமும் கூடும், உள்ளே தங்கும் ஈரத்தில் தேக்கு உத்திரமும் மக்கும். கைப்பிடிச்சுவரில் வேரோடிய அரசங்கன்றை அகற்றி, சுண்ணாம்புக் காரையால் விரிசலை அடைத்து, தட்டோட்டை மறுபடி பதித்தால் போதும் என்று பழைய வீடுகளைச் செப்பனிடும் வேறொருவர் பார்த்துச் சொன்னார். வேலை தையில் தொடங்கலாம். அதுவரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மருந்துக்கடைக்கு இனி உன் வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டு. அம்மாவின் கையில் பணம் தங்காது என்பது ஒரு பயன். நீ பழைய வருமான வரிமுறையில் இருந்தால், காப்பீடு இல்லாத மூத்த பெற்றோருக்கு ரொக்கமாக அன்றிச் செய்யும் மருத்துவச் செலவில் 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம் என்பது இன்னொன்று. தங்கையிடமும் பேசு. அவள் பங்கு தர விரும்புகிறாள். நீ கேட்காததால் தயங்குகிறாள்.

கழிவறை வேலைக்கு முன்பணம் நான் கொடுத்துவிட்டேன். அந்த வேலைக்கான மதிப்பீட்டுத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு இந்த வாரமே பதில் எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்