நம் பிள்ளைகளின் நூறு மணி நேரம்: டாம்பா தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாம்பா விரிகுடாப் பகுதித் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிக்கும் நேரம் இது. பொங்கல், சித்திரைத் திருநாள், பிக்னிக், ஆண்டு விழா, தீபாவளி என்று காலண்டர் நிரம்பிவிடும். அதில் ஒரே ஒரு சனிக்கிழமையைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பிரியாணிகூட வேண்டாம். (சரி, பிரியாணி இருந்தால்தான் கூட்டம் வரும், அது உங்கள் விருப்பம்.) நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் இந்த ஊரின் பழைய கதையையும் மறந்துபோன கல்லறைத் தோட்டங்களையும் காப்பாற்றும் வேலைக்கு, நம் பிள்ளைகளை அந்த ஒரு நாளாவது அனுப்புவோம்.

கிங் ஹை ஸ்கூலை உங்களுக்குத் தெரியும். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) படிப்புக்காக நம்மவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே கண் வைக்கும் பள்ளி. 2019 இறுதியில், தரைக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ரேடார் கருவியை அந்த வளாகத்தின் ஓர் ஓரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் 145 புதைகுழிகள் தென்பட்டன. ரிட்ஜ்வுட் என்ற கல்லறைத் தோட்டம் அது. 1940களில், அடக்கம் செய்யக் காசில்லாத ஏழைகளுக்காக நகராட்சி ஒதுக்கிய இடம். அங்கே புதைக்கப்பட்டவர்கள் 250 பேருக்கும் மேல் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், அவர்களில் பலர் கைக்குழந்தைகள். 1959இல் நிலம் பள்ளி நிர்வாகத்தின் கைக்கு வந்தது. அதன்பின் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே படித்துவிட்டுப் போனார்கள்.

அதே ஆண்டில் இதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இன்னும் பெரிய விஷயம். வடக்கு ஃப்ளோரிடா அவென்யூவில் 1901இல் தொடங்கிய சீயோன் கல்லறைத் தோட்டம், டாம்பாவின் முதல் கறுப்பினக் கல்லறைத் தோட்டம் என்று கருதப்படுவது, நகர வரைபடத்திலிருந்தே காணாமல் போயிருந்தது. அங்கே புதைக்கப்பட்டவர்களின் இறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுத்த ‘டாம்பா பே டைம்ஸ்’ நாளிதழ், இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று 2019 ஜூனில் கேட்டது. ஆகஸ்டில் ரேடார் பதில் சொன்னது. ரோப்லெஸ் பார்க் அரசுக் குடியிருப்பின் வீடுகளுக்கு அடியிலும் பக்கத்திலுமாக, முதல் சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள். அந்தக் கட்டடங்களில் வசித்தவர்களை வேறு வீடுகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

1951இல் அந்தக் குடியிருப்பைக் கட்டும்போதே மூன்று சவப்பெட்டிகள் வெளியே வந்தன. ஆகவே யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. புதைத்த குடும்பங்களுக்குத் தெரியும். மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் கட்டட வேலை நிற்கவில்லை. நிலம் கைமாறக் கைமாற, தெரிந்தவர்கள் பேச்சு சபையேறாமல் போனது. புதிதாக வந்தவர்கள் கேட்கவில்லை. இதில்தான் நாம் வருகிறோம். இப்போது புதிதாக வந்திருப்பவர்கள் நாம்தானே? வெஸ்லி சாப்பலிலும் நியூ டாம்பாவிலும் வீடு பார்க்கும்போது ஸ்கூல் ரேட்டிங் பார்க்கிறோம், வெள்ள அபாயப் பகுதியா என்று பார்க்கிறோம், வாசல் எந்தத் திசை என்று பார்க்கிறோம். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பதில்லை. மாட்டுப் பண்ணையும் பைன் மரத்தில் கீறி டர்பன்டைன் பால் இறக்கிய காடுமாக இருந்த மண் இது. நாம் ஷாப்பிங் போகிற வயர்கிராஸ் மால் நிற்பதும் ஒரு பழைய மாட்டுப் பண்ணையில்தான்.

“இது அவர்கள் வரலாறு, நமக்கென்ன?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். சங்கம் நடத்துகிறவர்கள் அப்படிக் கேட்டால் நான் டாம்பாவிலேயே இருக்கும் ஈபோர் சிட்டியைத்தான் காட்டுவேன். உறவினர் வந்தால் தெருவில் திரியும் சேவல்களைக் காட்டவும் கியூபன் சாண்ட்விச் வாங்கிக் கொடுக்கவும் கூட்டிப் போகிறோமே, அந்த ஈபோர். 1880களில் சுருட்டு ஆலைகளை நம்பி கியூபா, ஸ்பெயின், சிசிலியிலிருந்து வந்த தொழிலாளர்கள் உருவாக்கிய ஊர் அது. ஆளுக்கொரு சங்கம் வைத்தார்கள். 1891இல் சென்ட்ரோ எஸ்பான்யோல், 1894இல் இத்தாலியர் சங்கம், 1902இல் சென்ட்ரோ அஸ்துரியானோ. உறுப்பினர் சந்தாவில் மருத்துவமனையே நடத்தியிருக்கிறார்கள். நாம் பொங்கல் டிக்கெட் விலையை ஏற்றலாமா வேண்டாமா என்று மூன்று கூட்டம் போடுகிறோம்!

ஆலைக்குள் ஓர் உயரமான மேடையில் உட்கார்ந்து, சுருட்டு சுற்றுகிறவர்களுக்குக் காலையில் செய்தித்தாளும் பிறகு நாவலும் உரக்கப் படிப்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை, தொழிலாளர்கள், தங்கள் கூலியிலிருந்து. என்ன நாவல் படிப்பது என்பதையும் அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இப்படிப் படித்தே தொழிலாளிக்கு அரசியல் ஏறுகிறது என்று பயந்த முதலாளிகள் 1931இல் அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். இதெல்லாம் நமக்கு இன்று எப்படித் தெரியும்? அந்தச் சங்கத்தார் பலர் தங்கள் கணக்கு நோட்டையும் கூட்டக் குறிப்பையும் புகைப்படத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். யு.எஸ்.எஃப். (தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக) நூலகம் அவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தியது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கறுப்பினக் கியூபர்களின் மார்த்தி-மாசியோ சங்கம், நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் 1904இல் தனியாக உருவானது. அவர்கள் கட்டிய மாளிகையை 1965இல் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் இடித்தார்கள். சங்கம் தப்பியது, கட்டடம் போனது போனதுதான்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கல்லூரிப் படிப்புக்கு ஃப்ளோரிடா மாநிலம் தரும் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகையைப் பற்றி நம் வீடுகளில் தெரியாதவர் கிடையாது. அதில் உயர்படி உதவித்தொகைக்கு 100 மணி நேரத் தன்னார்வத் தொண்டு காட்ட வேண்டும். (சம்பள வேலையையும் காட்டலாம் என்று இப்போது வழி இருக்கிறது, ஆனால் நம்மவர்கள் தொண்டைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.) பன்னிரண்டாம் வகுப்பு நெருங்கும்போது வாட்ஸ்அப் குழுக்களில் “மணி நேரம் எங்கே கிடைக்கும்?” என்ற கேள்வி ஓயாது வருகிறது. கோயிலில் செருப்பு அடுக்குவதும் தமிழ்ப் பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதும் நல்ல வேலைகள்தான், குறை சொல்லவில்லை. அந்த நூறில் ஒரு இருபது மணி நேரத்தை ஊர் வரலாற்றுக்குத் திருப்பிவிடலாம். பள்ளியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

அதற்கு நாம் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஃப்ளோரிடா பொதுத் தொல்லியல் வலையமைப்பு என்று ஒன்று மாநிலம் முழுக்க இயங்குகிறது. பழைய கல்லறைத் தோட்டங்களை எப்படிப் பராமரிப்பது என்று பொதுமக்களுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். மறைந்துபோன கறுப்பினக் கல்லறைகளைப் பதிவு செய்யும் முயற்சி ஒன்று யு.எஸ்.எஃப்.-இல் நடக்கிறது. மாநில அரசும் 2021இல் பணிக்குழு அமைத்து, 2023இல் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது; வெயிலில் நின்று கல்லில் உள்ள பெயரைப் படித்து எழுத ஆள் வேண்டும்.

இந்த வேலை பார்க்க எளிது, செய்யத்தான் பக்குவம் வேண்டும். ஃப்ளோரிடாவின் ஈரத்தில் கல்லறைக் கற்கள் கறுத்துப் பாசி படிந்து கிடக்கும். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சுத்தம் செய் என்றால் பிளீச்சையும் கம்பி பிரஷையும் தேடுவார்கள். இரண்டும் கல்லைத் தின்றுவிடும். பிரஷர் வாஷரும் கூடாது. நிறைய தண்ணீர் ஊற்றிக் கல்லை நனைத்து, மென்மையான பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். கல் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் சிமென்டைக் குழைத்து வார்த்து, அது காய்வதற்குள் ஆணியாலோ குச்சியாலோ பெயரைக் கீறி வைத்திருப்பார்கள். எழுத்துக் கோணல்மாணலாக, சில சமயம் எழுத்துப் பிழையோடு இருக்கும். அதை அப்படியேதான் எழுதிக்கொள்ள வேண்டும், திருத்தக் கூடாது.

அப்புறம், குப்பை என்று எதையும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. சமாதியின் மேல் சிப்பிகளும் உடைந்த பீங்கானும் பாட்டில்களும் கிடந்தால், இறந்தவருக்காக வீட்டார் வைத்த பொருள்களாக அவை இருக்கலாம். நட்டநடுவே நிற்கும் யக்கா செடியைக்கூடக் களை என்று பிடுங்க வேண்டாம். கல் இல்லாத சமாதிக்கு அதுவே அடையாளமாக இருக்கக்கூடும். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எதையும் தொடவே கூடாது. யாருடைய முன்னோர்கள் அங்கே இருக்கிறார்களோ, அவர்கள் சொல்வதுதான் முடிவு. நாம் போவது கைவேலைக்கு. டி-ஷர்ட்டில் சங்கத்தின் பெயரைப் பெரிதாக அச்சடித்து, சமாதி முன்னால் குரூப் போட்டோ எடுக்கும் பழக்கத்தை அன்று மட்டுமாவது வீட்டில் வைத்துவிட்டு வருவோம்.

இதில் அரசியல் வரும் என்று தயங்குகிறவர்களும் உண்டு. இனம், அடிமை முறை என்று பேச்செடுத்தாலே ஃப்ளோரிடாவில் இன்று சூடாகிவிடுகிறது, உண்மைதான். ஆனால் 1940களில் இறந்த ஒரு குழந்தையின் பெயரைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு எந்தக் கட்சி அட்டையும் தேவையில்லை. அந்தப் பெயரை எழுதிய பிள்ளை வீட்டுக்கு வந்து ஏதாவது கேள்வி கேட்டால், கேட்கட்டுமே. அதற்குத்தானே படிக்க வைக்கிறோம்.

கூடவே இன்னொரு வேலையும் இருக்கிறது, இது நம் வீட்டு வேலை. 70களிலும் 80களிலும் இங்கே வந்து, கறிவேப்பிலைக்கும் கடைக்கும் அலைந்த தலைமுறை இப்போது எண்பதை நெருங்குகிறது. லின் ரோட்டில் உள்ள நம் இந்துக் கோயிலின் கோபுர வேலைக்கு வந்த சிற்பிகளுக்கு யார் வீட்டில் சமையல் நடந்தது, முதல் பொங்கல் எந்த ஹாலில் நடந்தது என்பதெல்லாம் அவர்கள் தலையிலும் அலமாரியில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டிலும் மட்டும்தான் இருக்கிறது. 2024இல் ஹெலீன், மில்ட்டன் புயல்கள் இரண்டு வார இடைவெளியில் வந்தபோது, வெள்ளம் புகுந்த வீடுகளில் ஆல்பங்களும் நனைந்தன. அடுத்த முறை அப்படி நடந்தால் ஒட்டிக்கொண்ட போட்டோக்களைப் பிய்க்காதீர்கள். உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். அதைவிட நல்லது, இப்போதே ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதி வைப்பது. தமிழ்ப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே ஆண்டுப் பாட வேலையாகக் கொடுக்கலாம்: ஒரு தாத்தா அல்லது பாட்டி, ஒரு செல்போன், அரை மணி நேரப் பேட்டி, தமிழில். இலக்கணப் பயிற்சித் தாளைவிட இதில் அதிகத் தமிழ் வரும் என்பது வகுப்பெடுக்கும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமையை டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வையுங்கள். அதற்கு மேல் வெயிலும் கொசுவும் பிள்ளைகளை ஓட்டிவிடும். பொங்கலுக்கு அடுத்த வாரம் தோதாக இருக்கும். பயிற்சி கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை நானே எழுதுகிறேன், பெயர்ப் பட்டியலையும் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, தேதியை மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
டாம்பாவில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பள்ளித் தன்னார்வ ஆசிரியர்