2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் சங்கம் இவ்வாண்டு செய்த பணிகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். பொங்கல் விழா வழக்கம்போல் மண்டபத்தில் நடந்தது. மே மாதம் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி, செய்து மண்டபத்தைச் சுற்றிப் புல் வெட்டினோம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் மாணவர்களுக்கு வழிகாட்டிப் பட்டறை ஒன்று நடத்தினோம். தீபாவளிக்கு முதியோருக்கு அன்பளிப்புக் கூடை கொடுத்தோம்.

இனி கணிதச் சொற்பொழிவுகள். ஆண்டு முழுக்க என்னிடம் அதிகம் கேள்வி கேட்கப்பட்டது இதைப் பற்றித்தான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பல்கலைக்கழகக் கணிதத் துறைகளில் செமினார் என்பது தொடர்ந்து நடக்கும் வேலை. ஒருவர் தம் ஆராய்ச்சியை ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசுவார். முடிந்ததும் கேள்விகள். ஒரே பிரிவில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு மட்டும் புரியும் பேச்சும் உண்டு, துறையில் உள்ள எல்லாரும் உட்கார்ந்து கேட்கும் பொதுப் பேச்சும் உண்டு. அந்தப் பொதுப் பேச்சைத்தான், இன்னும் எளிதாக்கி, நம் மண்டபத்தில் தமிழில் நடத்தித் தரும்படி விரிவுரையாளர்களைக் கேட்டேன். பினாங்கிலிருந்தும் கம்பாரிலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள்தான். பெட்ரோலுக்கும் டோலுக்கும் மேல் யாரும் ஒரு சென்கூட வாங்கவில்லை.

முதல் பேச்சு எண்களின் பிரிவினை. பேச வந்தவர் ஒரு பை நிறைய ரப்பர் கொட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். நான்கு கொட்டைகளை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம் என்று கேட்டார். நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டோடு இரு ஒற்றை, நான்கும் தனித்தனி. ஆக 5 வழி. ஒன்பது கொட்டைக்குப் பிள்ளைகள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து, தரையில் பரப்பி, அடித்துத் திருத்தி 30 என்று கண்டுபிடித்தார்கள். பதினான்குக்கு 135 என்று அவரே பலகையில் எழுதினார். இரண்டாம் படிவத்து மாணவி ஒருத்தி எழுந்து, "சார், எல்லாமே அஞ்சால வகுபடுதே, எப்பவுமே அப்படித்தானா?" என்றாள். நான்கிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால் எப்போதும் அப்படித்தான், அதை ராமானுஜன் 1919இல் நிறுவினார் என்று அவர் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராமானுஜன் கவனித்ததை அவள் தானாகவே கவனித்துவிட்டாள்.

இன்னொரு பேச்சு பகா எண்களைப் பற்றியது. 11, 13 போல, 17, 19 போல இரண்டே வித்தியாசத்தில் வரும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டா என்பது இன்றும் தீராத கேள்வி. 7 கோடிக்கு மிகாத இடைவெளியில் முடிவில்லாத ஜோடிகள் உண்டு என்று 2013இல் யிதாங் ஜாங் நிறுவினார். அதுவரை பெயர் தெரியாத விரிவுரையாளராக இருந்தவர், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே பலர் சேர்ந்து அந்த இடைவெளியை 246 வரை இறக்கிவிட்டார்கள்.

செம்பனை ஊருக்கு இதெல்லாம் எதற்கு, டியூஷன் வைத்தால் மதிப்பெண்ணாவது வருமே என்று செயலவையிலேயே கேட்டார்கள். டியூஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீன், தம் நாடான பிரான்சில் வளர்ந்துவந்த புதுக் கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அவரிடம் படித்த நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. நல்ல கணிதம் காதில் விழும் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பது பெரியவர்களின் வேலை. அதைச் சங்கம் செய்யாவிட்டால் இந்த ஊரில் வேறு யார் செய்வார்கள்?

வருகையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் வந்தார்கள், சைக்கிளில்கூட வந்தார்கள். உறுப்பினர்கள்தான் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கைகூப்பியவர்களில் பாதிப் பேர்கூட மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்த விருந்தினரை வரவேற்க முன்வரிசையில் ஆள் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

கணக்கு விவரம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சொற்பொழிவுகளால் குறைந்தது என்று பேச்சு அடிபடுகிறது. அது உண்மையில்லை. சந்தா வராததால் குறைந்தது. இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

மண்டபத்தைப் பராமரிப்பவர்களுக்கும், தேநீர், கடலை வடை செய்து தந்த மகளிர் பிரிவுக்கும், கணக்காய்வாளர்களுக்கும், தலைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு நிகழ்தகவைப் பற்றி, 2007இல் ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் வரதனின் பணியைத் தொட்டுப் பேச ஒருவர் இசைந்திருக்கிறார். வெள்ளைப் பலகை இதுவரை இரவல்தான், சொந்தமாக ஒன்று வேண்டும். பேருந்தில் வருகிற விருந்தினரை ஈப்போவிலிருந்து ஏற்றிவர கார் உள்ளவர்கள் இரண்டு பேர் முன்வந்தால் போதும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதானாலும் எனக்கு மறுப்பில்லை, சொற்பொழிவு நிற்காமல் இருந்தால் சரி. முதல் பேச்சு மார்ச் மாத முதல் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. சந்தா ரசீதுப் புத்தகமும் அன்று மண்டபத்தில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்