கையெழுத்திடாத விண்ணப்பம்: இலண்டன் தமிழ் நடைக்குழு அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இங்கிலாந்தின் தென்கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் செவன் சிஸ்டர்ஸ் (‘ஏழு சகோதரிகள்’) வெள்ளைப் பாறைகளின் விளிம்பு நெடுகிலும் வேலி அமைக்க வேண்டும் என்று கோரும் உங்கள் விண்ணப்பம் சென்ற வாரம் என் கைக்கும் வந்து சேர்ந்தது. அதன் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் நான் கையெழுத்திடவில்லை. காரணத்தை ஒருவரிடம் தனியாகச் சொல்வதைவிட, வார இறுதிகளில் நம்மவர்களைப் பிள்ளைகுட்டிகளோடு அங்கே அழைத்துச் செல்லும் எல்லாக் குழுக்களும் அறியச் சொல்வதே முறை என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

காலையில் விக்டோரியாவில் ரயிலேறி, லூயிஸில் மாறி, சீஃபோர்டில் இறங்கி, ஈஸ்ட்போர்ன் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நடந்து, அங்கிருந்து நேர் ரயிலில் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். இலண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர இதற்கு ஈடான கடலோர நடை வேறொன்றை நான் கண்டதில்லை. சீஃபோர்டு ஹெட் மேட்டைத் தாண்டி, குக்மியர் ஆற்று முகத்துக்கு மேலே பழைய கடலோரக் காவலர் வீடுகள் அருகே நின்று பார்க்கும்போது, எதிரே ஏழு குன்றுகளும் வெட்டிவைத்த வெண்ணெய்க் கட்டிகள்போல அடுத்தடுத்து நிற்கும் காட்சிக்காகவே மறுபடியும் போகலாம். (ஏழு என்பது பெயரளவில்தான், கணக்குப் பார்ப்பவர்கள் எட்டாவது ஒன்றையும் காட்டுவார்கள்.)

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு காட்சியைப் பற்றி. சென்ற முறை எங்கள் குழுவில் மூன்று இளைஞர்கள், ஏழு குன்றுகளும் முடிகிற பிர்லிங் கேப் என்ற இடத்தை அடைவதற்குச் சற்று முன்னால், விளிம்பில் நின்று குதித்துக் குதித்துப் படம் எடுத்தார்கள். நான் உட்பட ஒருவரும் தடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துப் படிக்கட்டு வழியாகக் கடற்கரைக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, அவர்கள் குதித்த இடம் எங்கே இருந்தது என்று தெரிந்தது. புல்தரை, ஓட்டு வீட்டின் இறவாரம்போலப் பாறையைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. அதன் அடியில் ஒன்றுமில்லை. புல்லின் வேர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மேலே நின்றபோது அது கால்பந்துத் திடல்போல உறுதியாகத்தான் தெரிந்தது.

சீமைச் சுண்ணாம்பு என்று நாம் சொல்லும் மென்மையான வெள்ளைக் கல்தான் அந்தப் பாறை. இடையிடையே சிக்கிமுக்கிக் கற்கள் வரிவரியாக ஓடும். கடல் அடியை அரிக்கிறது, மழையும் உறைபனியும் மேலிருந்து வெடிப்புகளைப் பெருக்குகின்றன, ஒருநாள் ஒரு பாளம் மொத்தமாகப் பிரிந்து விழுகிறது. கடந்த 150 ஆண்டுகளில் இந்தக் கரை ஆண்டுக்குச் சராசரியாக 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்கியிருப்பதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சராசரி என்பதில் ஏமாந்துவிடக் கூடாது: பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும் ஓரிடம், ஒரே நாளில் பல மீட்டர் போய்விடும். இதை அறிந்துதான் 1999ஆம் ஆண்டில், சுமார் 850 டன் எடையுள்ள பெல் டூட் கலங்கரை விளக்கக் கட்டடத்தை முழுசாகத் தூக்கி 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். இங்கிலாந்தின் கடலோரப் பாதைக்கு வழிசெய்த 2009ஆம் ஆண்டுச் சட்டமும், கரை அரிக்கப்பட்டால் பாதையும் உள்ளே தள்ளிப் போகலாம் என்றே ஏற்பாடு செய்திருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஊன்றும் வேலி எத்தனை நாள் நிற்கும்? இன்று ஐந்து மீட்டர் உள்ளே நட்டது, ஒரு பெரிய சரிவுக்குப் பிறகு விளிம்பிலேயே தொங்கும். வேலியைக் கண்டால் அதில் சாய்ந்து நின்று படம் எடுப்பவர்கள் நம்மவர்கள். வேலிவரை போகலாம் என்பதுதான் அதற்கு நாம் கொள்ளும் பொருள். விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரையை எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். கேட்காதவர்கள் நாம்தான்.

ஆகவே விண்ணப்பத்தில் நீங்கள் அதிகாரிகளிடம் கேட்பதை நான் உங்களிடம் கேட்கிறேன். குழுவை நடத்துபவர் வரிசைக்கு முன்னால் நடப்பதை விட்டுவிட்டுக் கடல் பக்கமாக நடக்கட்டும். அவரைத் தாண்டி விளிம்புப் பக்கம் யாரும் போகக் கூடாது என்பதைச் சீஃபோர்டு நிலையத்திலேயே சொல்லிவிடட்டும். பாறை அடிவாரத்தில் நடப்பதும் அதே அளவு ஆபத்து: மேலிருந்து கல் விழும், கடல் ஏறினால் திரும்ப வழியிருக்காது. குக்மியர் ஆற்றைக் கடக்க எக்சீட் பாலம்வரை உள்ளே போய்த்தான் வர வேண்டும். ஆற்றில் இறங்கிக் குறுக்கே போக நினைக்க வேண்டாம். அந்த எக்சீட்டில் 12ஆம் எண் பேருந்து நிற்கிறது. முழங்கால் வலிக்கிறவர்களும் அழுகிற குழந்தைகளும் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பிந்திப்போன குழு பொழுது சாயும் நேரத்தில் நடையின் கடைசிப் பகுதியில் வரும் 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட் பாறை முகட்டில் அவசர அவசரமாக நடக்கும் நிலை வராது. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் ஊரில், முழு நடையையும் குளிர்காலத்தில் அறிவிப்பதே தவறு என்பது என் கருத்து.

உங்கள் விண்ணப்பத் தாளைக் கையெழுத்தில்லாமலே திருப்பி அனுப்புகிறேன், பொறுத்தருளுங்கள். அடுத்த நடைக்கான பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் பக்கமாக நடக்கும் வேலையை எனக்குத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு நடந்த ஒருவன்